பிளாஸ்டிக் மீன்

அன்புள்ள மகனுக்கு,

மீன் மார்க்கெட்டைக் கலைக்கூடமாக்கிய உன் புண்ணியத்தில், நேற்றுத் திறப்பு விழாவில் என் பழைய இடத்திலேயே உட்கார்ந்தேன். நாற்றம் ஆகாதென்று கூடை நிறையப் பிளாஸ்டிக் மீன் வைத்திருந்தீர்கள். "சும்மா அரியற மாதிரி கைய ஆட்டுங்க" என்றாள் உன் ஆபீஸ் பெண். மீன் குடலை அள்ளிக் கொட்டியபோதெல்லாம் வராத குமட்டல் அப்போது வந்தது.

விருந்தாளி ஒருவர், "இவங்க யாரு?" என்று உன்னிடம் கேட்டார்.

"இங்க முன்னாடி மீன் வித்த அம்மா சார்" என்றாய், என் முகத்தைப் பார்க்காமலே. நானும் பல்லைக் காட்டினேன்.

உன்னைப் படிக்க வைத்தது எந்த மீன் என்றெல்லாம் கேட்கமாட்டேன்.

நாளையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை போடுகிறேன். நல்ல மீன் வந்தால் உனக்கு எடுத்துவைப்பேன். மூக்கைப் பொத்திக்கொண்டாவது வா.

இப்படிக்கு,
இங்க முன்னாடி மீன் வித்த அம்மா