மேனேஜர் நிறுத்திய பத்து நிமிஷம்

ஆடி 3, ஞாயிறு

மகள் மலரை எம்.பி.ஏ. சேர்த்துவிடக் கோயம்புத்தூர் போனேன். வரவேற்புக் கூட்டத்தில் முன்வரிசை காலியாக இருக்கிறதே என்று உட்கார்ந்துவிட்டேன். சிறப்பு விருந்தினர் நாற்காலியாம். எழுப்பிவிட்டார்கள். அதற்குள் அவருக்கு வைத்திருந்த தண்ணீரில் பாதியைக் குடித்திருந்தேன்.

வெளியே டீக்கடையில் மலருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு முகம் வாடியது.

"எல்லாரும் கம்பெனில வேலை பாத்துட்டு வந்திருக்காங்கப்பா. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாட்டிக் கேளு தாயி. எங்க மில்லுக்கு இதே படிப்புப் படிச்ச மேனேஜர் ஒருத்தர் வந்தாருல்ல?" என்று கதையைச் சொன்னேன்.

வேடசந்தூரில் எங்கள் நூற்பாலையில் ஷிப்டு முடிந்து போகிறவர்கள், மெஷினில் நூல் சுற்றும் எந்தக் கதிரில் நூல் அறுகிறது என்று வருகிறவர்களிடம் காட்டிவிட்டுத்தான் போவார்கள். அதை அரட்டை என்று நினைத்து அந்தப் பத்து நிமிஷத்தை அவர் நிறுத்தினார். அன்றைக்கு நூல் அறுந்து தள்ளியது. மறுநாள் அவரே பிட்டரான என்னிடம் வந்து, "ஏண்ணே இப்படி ஆச்சு?" என்று கேட்டார். சொன்னேன். பழையபடி விட்டுவிட்டார். இன்று மில்லில் அவர் பேச்சுக்கு மறுபேச்சில்லை.

"எதையும் மாத்துறதுக்கு முந்தி அந்த வேலையப் பாக்குறவங்ககிட்ட கேட்ரு. அம்புட்டுத்தான் படிப்பு."

"அதுக்கு எதுக்குப்பா ரெண்டு வருஷம்?"

பிழைத்துக்கொள்வாள்.

மேனேஜர் நிறுத்தச் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றேன். நூல் அறும் என்று எனக்குத் தெரியும். படித்தவர் முழிக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். இவள் வேலைக்குப் போகிற இடத்திலும் என்னை மாதிரி நாலு பேர் நிற்பார்கள். அதை மட்டும் சொல்லவில்லை.