கேத்தலுக்குள் நாற்பது வருடம்

மார்ச் 4, 2025, செவ்வாய்

ஒஸ்லோவில் இந்த மியூசியத்துக்கு வேலைக்கு வந்து பதினாறு மாதம். இன்னும் தற்காலிகம். அடுத்த வியாழன் நேர்முகம். நிரந்தர இடம் ஒன்றே ஒன்று, கண்காணிப்பாளர் பதவி. கதிரையில் உட்கார்ந்து கண்ணாடிப் பெட்டிகளைப் பார்க்கத் தெரியுமா என்று பதினாறு மாதமாகப் பரீட்சிக்கிறார்கள்.

இன்று ஒருவர் தேநீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். முந்நூறு சீனத் தேநீர்ப் பாத்திரங்கள் உள்ள மாளிகை. எதிர்ப்பக்க பெற்றோல் நிலையத்தில் கோப்பி இருக்கிறது என்றேன்.

மாளிகையைக் கட்டியவன் தரங்கம்பாடியில் டேனிஷ் கொம்பனி அதிகாரியாக இருந்தவன். வாசல் பலகையில் "கிழக்கில் செல்வம் ஈட்டினார்" என்று இருக்கிறது. பிடுங்கினார் என்பதற்கு மியூசியத்தில் ஈட்டினார். எங்கள் பணிப்பாளர் மேரினிடம் சொன்னேன். "நல்ல கருத்து, எழுதி வை" என்றாள். போன வருடமே எழுதி வைத்தாயிற்று.

மார்ச் 6, வியாழன்

மூன்று மணிக்குத் தேநீர் விளக்கம். திருமதி லின் வந்தார். முன்பு ஒஸ்லோவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர். மியூசியத்துக்கு இரவலாகத் தந்த தன் சின்னக் களிமண் கேத்தலில் அவரே ஊற்றினார். நாற்பது வருடம் அதைச் சவுக்காரம் தொட்டதில்லையாம். வெந்நீரால் மட்டும் அலசுவது. உள்ளே கறுப்பாகப் படிந்திருக்கும் தேயிலைக் கறைதான் அதன் மதிப்பு. வெறும் தண்ணீர் விட்டாலே தேநீர் மணக்குமாம். நாற்பது வருடம் கழுவாத பாத்திரத்துக்குக் கைதட்டினார்கள்.

முடியும்போது ஐந்து மணி. மேரின் என் கையில் கேத்தலைத் தந்து, "ஈரம் காய்ந்ததும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போ" என்றாள். ஐந்துக்கு என் வேலை முடிகிறது. அதற்கு மேல் நின்றால் அது என் நல்ல குணம். குசினியில், கழுவக் கிடந்த ஊத்தைக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு டி-பானே ரயில் பிடித்தேன்.

மார்ச் 7, வெள்ளி



காலையில் கேத்தல் துணி விரித்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நிமிர்த்தி உள்ளே பார்த்தேன். வெறும் சிவப்பு. புதுப்பூச்சட்டி மாதிரி.

அம்மா இந்தக் கட்டிடத்தில்தான் துப்புரவு வேலை. ஒரு கொம்பனி அனுப்புகிறது. காலை ஆறு மணிக்கு வந்து, நான் வரும் முன்னே போய்விடுவார். நகர ஓரத்துப் புருசெத்தில் ஒரே வீட்டிலிருந்து ஒரே கட்டிடத்துக்கு வருகிறோம், இங்கே ஒரு நாளும் சந்தித்ததில்லை. மேரினுக்கு இது தெரியாது. அவள் கேட்டதும் இல்லை.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா, குசினியிலை இருந்த சின்னக் கேத்தலை என்ன செய்தனீங்கள்?"

"கறுப்புப் பிடிச்சதோ? கழுவினனான்."

"எதாலை?"

"சோடாவும் சவுக்காரமும் போட்டு ஊற வைச்சு, பல்லுத் தீட்டுற பிறஷ்ஷாலை தேய்ச்சனான். அரை மணித்தியாலம். எத்தினை வருச ஊத்தை, பிள்ளை."

"நாப்பது வருசம். அது ஊத்தை இல்லையம்மா. அதுதான் சாமான்."



"அப்ப என்னத்துக்கு ஊத்தைக் கோப்பையளோடை வைச்சவை?"

வைச்சவை இல்லை. வைச்சது நான். அதை அம்மாவிடமும் சொல்லவில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மார்ச் 8, சனி

நேர்முகம் முடியட்டும், பிறகு சொல்லலாம். எல்லா நிறுவனங்களும் மூடி மறைக்க இப்படித்தான் தொடங்கியிருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

அம்மா புருசெத் கடையில் வாங்கிய சிலோன் தேயிலையைத் தந்துவிட்டார். சாப்பாட்டு இடைவேளையில் கதவைச் சாத்திக்கொண்டு கேத்தலில் ஆறு தரம் சாயத் தேநீர் ஊற்றிக் குடித்தேன். கறை பிடிக்கவில்லை. எனக்குத்தான் நெஞ்சு படபடக்கிறது.

பின்னேரம் அம்மாவின் ஆலோசனை: "கொஞ்சம் பால்மாவும் போட்டால் கெதியிலை பிடிக்கும்."

தயவுசெய்து வேண்டாம் என்றேன்.

மார்ச் 13, வியாழன்

ஒரு மணிக்கு நேர்முகம். உன் பலவீனம் என்ன என்று மேரின் கேட்டாள். அளவுக்கு மீறிய நேர்மை என்றேன். முகத்தில் ஒன்றும் அசையாமல் சொன்னேன்.

மூன்று மணிக்குத் திருமதி லின் மறுபடியும் வந்தார். வெந்நீர் விட்டார். முகர்ந்தார். மூடியைத் திறந்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"எலுமிச்சை" என்றார். "பாத்திரச் சவுக்காரம்."

பார்வையாளர்களை அனுப்பிவிட்டு மேரின் அலுவலகக் கதவைச் சாத்தினாள். துப்புரவுக் கொம்பனிக்கு இன்றே எழுதுவாளாம், அந்த ஆளை மாற்றச் சொல்லி. அந்த ஆள். பெயரில்லை. ஆறு வருடம் இந்தத் தரையை முழங்காலில் நின்று துடைத்த ஆள்.

நான் வாயைத் திறந்தேன். "கேத்தலை அங்கே விட்டது நான். பூட்டச் சொன்னாய், நான் பூட்டவில்லை. கழுவியவர் அருள்நாயகி. என் அம்மா."

"உன் அம்மா இங்கேயா வேலை செய்கிறார்?"

"நான் வர முந்தியே, ஆறு வருடமாக."

மேரின் வெளுத்துப் போனாள். நிரந்தர வேலையும் அப்படியே வெளுத்துப் போயிற்று என்று நினைத்தேன். திருமதி லின் கேத்தலுக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார்.

"கம்பிப் பஞ்சு போட்டாரா?"

"இல்லை. பல் துலக்கும் பிறஷ்."

"ஒரு கீறல்கூட இல்லை. நல்ல வேலைக்காரி." பிறகு மேரினைப் பார்த்துச் சொன்னார்: "பெட்டிக்குள் இருந்தால் இது இனிச் செத்த பாத்திரம். நாற்பது வருடம் நான் ஊற்றினேன். இனி இவர்கள் இரண்டு பேரும் தினமும் இதில் ஊற்றிக் குடிக்கட்டும். ஆட்களுக்கு முன்னால். இல்லாவிட்டால் நான் எடுத்துக்கொண்டு போகிறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"நீதான் வைச்சது எண்டு சொன்னனியோ?"

"ஓம்."

"என்ர பேருக்கு முந்தியோ பிந்தியோ?"

"முந்தி."

"சரி. கையைக் கழுவிப்போட்டு வா, சாப்பிட."

மார்ச் 25, செவ்வாய்

திருமதி லின்னின் நிபந்தனைக்கு ஒப்புக்கொண்ட மேரின், என் தற்காலிக வேலைக்கு மூன்று மாத நீடிப்புக் கடிதம் நீட்டினாள். கறை திரும்ப நாற்பது வருடம், மூன்று மாதத்துக்கு ஒன்று, அப்படியென்றால் நூற்றறுபது தரம் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

அறுபது வீத வேலை. நிரந்தரம். நேர்முகம் வைத்த முழு நேர இடம் மாஸ்டர் படித்த ஒருவனுக்கு; இது புதிதாக உண்டாக்கியது. எனக்குக் கோபம்தான், ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். பணி விபரத்தில் கடைசி வரி: தினமும் தேநீர் அருந்துதல்.

ஏப்ரல் 29, செவ்வாய்

அம்மாவின் நேரத்தை மாற்றிவிட்டார்கள். பதினொரு மணிக்குப் பெரிய கூடத்தில், வேலை உடுப்போடே வந்து உட்காருகிறார். சீனியில்லாமல் என்ன தேத்தண்ணி என்று முதல் வாரம் முழுக்க முறைப்பாடு. இன்று ஜெர்மன் தம்பதி ஒன்று படம் எடுக்கலாமா என்று கேட்டது. தலைமயிரைச் சரிசெய்துகொண்டு எடுக்க விட்டார்.

அவர்கள் போனதும் போன் வெளிச்சத்தைக் கேத்தலுக்குள் அடித்துப் பார்த்தோம். அடியில், மூக்குக்குக் கிட்ட, விரல் நுனியளவு மங்கல்.

"பிள்ளை, ஊத்தை பிடிக்குது" என்றார் அம்மா. சந்தோசம் தாங்கவில்லை அவருக்கு.