சப்பரத்தை இறக்கச் சொன்னவள்

அன்பு மகன் ரொனால்டுக்கு, குளுவாங்கிலிருந்து அப்பா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு யோகேஸ்வரி டீச்சர் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் பெர்த்தில் நீயும் மருமகள் எலைனும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே நான் இருக்கிறேன், சுகம் என்று எழுதச் சொன்னால் டீச்சரே சிரிப்பார்கள், அதனால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதச் சொன்னேன். போனில் பேசினால் நீ "ஜூன்ல வர்றேன்லப்பா, அப்ப பேசலாம்" என்று வைத்துவிடுகிறாய். இதை டீச்சர் போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்புவார்கள், பாதியில் வைக்க முடியாது. உன் அக்கா டோரிஸைப் பார்க்க நீ உடனே வர வேண்டும். விஷயம் அவ்வளவுதான், ஆனால் ஏன் என்று சொல்ல ஒரு பழைய வருஷத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அதன் நம்பர் எனக்குத் தெரியாது. பெரிய வெள்ளம் வந்து பத்து பாகாட் ஊருக்குப் போகிற சாலை முங்கி பஸ் ஓடாமல் கிடந்தது, நம் லயத்துக்கு முதல்முதலாகக் கரண்டு வந்தது, ரப்பர் மரத்தையெல்லாம் சாய்த்துச் செம்பனை போடத் துரை உத்தரவு போட்டார், அந்த வருஷம். நீ பிறக்கவில்லை.

நாங்கள் அப்போது இருந்த சாஆ தோட்டத்தில் அன்று அந்தோணியார் திருவிழா. சாய்த்த மரத்தை லாரியில் ஏற்றப் போன சின்னத்தம்பி, நம் அடுத்த வீட்டுக்காரன், அவன் நெஞ்சில் கட்டை உருண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி இல்லை, வெள்ளத்தில் போன சாலையும் இன்னும் சரியாகவில்லை. சாமியாரைக் கூப்பிடுங்கள், சாகும் முன் அவஸ்தைப் பூசுதல் வேண்டும் என்று அது ஒன்றையே கேட்டான். அவன் தலை என் மடியில் இருந்தது, நான் எழுந்தால் மூச்சுத் திணறினான், அதனால் உன் அம்மாவை அனுப்பினேன். அதற்குள் அந்தோணியார் சுரூபம் வைத்த சப்பரம் கோயிலை விட்டுக் கிளம்பிவிட்டது. நம் தோட்டத்தில் ஒரு வழக்கம், தூக்கின சப்பரத்தைத் திரும்பக் கோயிலுக்குள் கொண்டுவரும்வரை தரையில் இறக்கக் கூடாது, தோள் வலித்தால் நடந்தபடியே ஆள் மாற வேண்டும், இறக்கினால் தோட்டத்துக்கு ஆகாது. யார் சொன்னது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, எந்தச் சாமியாரும் பிரசங்கத்தில் சொன்னதில்லை. சாமியார் விலகிப் போனால் ஊர்வலம் நிற்கும், நின்றால் இறக்க வேண்டிவரும், அதனால் அவரைச் சுற்றி அடைத்துக்கொண்டு நடந்தார்கள். அவர் வெள்ளைக்காரர், அரைகுறைத் தமிழ், என்ன நடக்கிறது என்றே அவருக்குப் புரியவில்லை.

உன் அம்மா போய்ச் சப்பரத்துக்கு முன்னால் நின்றாள். முன்கம்பு பிடித்திருந்த மார்கஸ், திருவிழாக் கமிட்டித் தலைவர், "அரை மணி நேரத்துல சுத்தி வந்துர்றோம் அக்கா, சின்னத்தம்பி காத்திருப்பான்" என்றாராம். அதற்கு அவள் சொன்னதை அந்தத் தோட்டமே பல வருஷம் பேசியது. "அந்தோணியார் காத்திருப்பாருய்யா, சின்னத்தம்பியால முடியாது. இறக்குங்க." சொல்லிவிட்டுக் கம்பைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. சேற்றில்தான் இறக்கினார்கள். சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். சின்னத்தம்பி பூசுதல் வாங்கிக்கொண்டு பொழுது சாயும் முன்னே போய்விட்டான், முகம் தெளிந்து போனான்.

அதன் பிறகு பாதிப் பேருக்கு வேலை போனது உனக்குத் தெரியும். மரத்தைச் சாய்த்தால் பால் மரம் சீவுகிறவனுக்கு ஏது வேலை. ஆனால் துரையைத் திட்டாமல் உன் அம்மாவைத் திட்டினார்கள், சாமியைச் சேற்றில் வைத்தவள் என்று. கோயிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவள் ஒரு ஞாயிறும் விடாமல் போனாள், அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். குளுவாங்குக்கு வந்த பிறகு, பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள், அவர்களுக்கு அந்தோணியார் மேல் கசப்பு வந்துவிடும் என்று என் வாயைக் கட்டிவிட்டாள். அதனால்தான் இதுவரை சொல்லவில்லை.

இப்போது நீ அவள் பெயரில் தேக்கில் புதுச் சப்பரம் செய்து, ஜூன் மாதம் வந்து முதல் தோள் கொடுக்கப் போகிறாய். நல்ல காரியம், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா அடக்கத்தன்று, நம் கோயிலை விட்டுச் சபைக்குப் போகிற டோரிஸ் ஜெபமாலைக்கு முழங்காலிடவில்லை, சுரூபத்துக்குப் பூ வைக்கவில்லை என்று அவளை வாசலோடு அனுப்பினாயே, அன்று உடைந்தது இன்னும் ஒட்டவில்லை. அவளும் லேசுப்பட்டவள் இல்லை, என் அந்தோணியாரை அலமாரிக்குள் வைக்கச் சொன்னவள்தான். சாமிக்காக இரண்டு பேரும் சண்டை போட்டீர்கள், நடுவில் நான்தான் களைத்துப் போனேன். சாமிக்கு அது வேண்டுமா என்று இரண்டு பேரும் கேட்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தபசு காலம் தொடங்கியதிலிருந்து அவள் என்னோடுதான் இருக்கிறாள். டயாலிசிஸ் போட்டால் பாதியில் இரத்த அழுத்தம் விழுந்து மிஷினை நிறுத்திவிடுகிறார்கள். இருதயம் தாங்காது, சொந்தக்காரர்களை வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் என்னிடம் மலாயில் சொன்னார், அவளிடம் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். நான் ஹாலில் ஜெபமாலை சொல்கிறேன், அவள் அறைக்குள் சத்தமாக ஜெபிக்கிறாள். அவள் சத்தம் நின்றால் நானும் நிறுத்திவிட்டு மூச்சு வருகிறதா என்று கேட்கிறேன், பிறகு எந்த மணியில் விட்டேன் என்று தெரிவதில்லை. இது பாவமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன். "அதுவும் ஜெபந்தான்லா தாத்தா" என்றார். உன்னைக் கூப்பிடட்டுமா என்று டோரிஸிடம் கேட்டதற்கு, "சப்பரம் தூக்க வர்றவனை நான் எதுக்குப்பா கூப்பிடணும்" என்றாள். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் கேள்வி, ரொனால்ட் போன் பண்ணினானா என்பதுதான்.

லீவைத் திருவிழாவுக்கு வைத்திருக்கிறேன் என்று சொல்லாதே. அந்த லீவை இப்போது எடு. ஜூனில் வர முடியாமல் போனால் போகட்டும், சப்பரத்தைத் தூக்க இங்கே தோளுக்குப் பஞ்சமில்லை. சிங்கப்பூரில் இறங்கினால் பஸ் இருக்கிறது, எலைனுக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டும் வா. வந்து அவள் பக்கத்தில் உட்கார், ஜெபமாலையா சபை ஜெபமா என்று பேச வேண்டாம், சும்மா உட்கார். உங்கள் இரண்டு பேர் தலையிலும் ஆண்டவர் கை இருக்கட்டும். இருமல் மருந்தை நிறுத்திவிடாதே.

இப்படிக்கு உன் அப்பா சந்தனசாமி, கைநாட்டு.

டீச்சர் பேனாவை மூடிவிட்டார்கள், திறக்கச் சொன்னேன். அன்று சப்பரத்தடியில் அந்தச் சேற்றில் நின்றவர்களை நினைத்துப் பார்த்தேன். சாமியார் தன் ஊருக்குப் போய்ச் செத்தார். மார்கஸ் சாஆவிலேயே முடிந்தார். தோள் கொடுத்த மற்ற மூன்று பேரையும் நானே கல்லறைக்குக் கொண்டுபோய் விட்டுவந்தேன். உன் அம்மாவும் போய்விட்டாள். அன்று ஒரு கையால் கம்பைப் பிடித்தாள் அல்லவா, மறு கையால் இடுப்பில் ஒரு கைக்குழந்தையை அணைத்திருந்தாள். அவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது அந்தக் குழந்தை ஒன்றுதான், உன் அக்கா டோரிஸ்.