கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா

ஜனவரி 9

அன்புள்ள சுண்டுவுக்கு,

போன வாரம் நீ அனுப்பிய செய்தியில் எண் போட்டு மூன்று குறிப்புகள் இருந்தன. அம்மா நலம். மருந்து வாங்கியாகிவிட்டது. வேறு கேள்வி இருந்தால் தெரிவிக்கவும். உன் அத்தான் அதைப் படித்துவிட்டு, "உன் தங்கச்சி உன்னையும் கம்பெனியில சேத்துக்கிட்டாளா?" என்று கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இனிமேல் எனக்குக் காகிதத்தில் எழுது. கையால் எழுதினால் எண் போடத் தோன்றாது.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னைப் பற்றிக் கேட்டதற்கு அம்மா, "சாப்பாட்டு நேரத்துல பாக்குறேன், நல்லாத்தான் இருக்கா" என்றாள். ஒரே வீட்டில் இருக்கிற மகளைப் பற்றி இப்படியா பேசுவார்கள்? நான் ஆஸ்பத்திரி வார்டில் பகல் முழுக்க நிற்கிறவள். நீ வீட்டில்தானே இருக்கிறாய் என்றுதான் அம்மாவை உன்னிடம் விட்டேன். அந்தக் கொடுப்பினை எனக்கு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்கா,

வீட்டில்தான் இருக்கிறேன், ஆனால் வீட்டில் இல்லை. உனக்கு இது புரிய என் ஒரு நாளையே எழுதிவிடுகிறேன். எண் போடாமல்.

எழுந்ததும் பல் தேய்க்கும் முன்பே திரை. எங்களுக்கு அலுவலகம் கிடையாது. பல் மருத்துவர்களுக்கு நோயாளிகளின் நேரத்தை ஒழுங்குபடுத்தும் மென்பொருளை நாங்கள் பத்துப் பேர் ஆளுக்கொரு ஊரிலிருந்து, அவரவர் வீட்டு மூலையிலிருந்து செய்கிறோம். ஒருவருக்கு விடியும்போது இன்னொருவருக்குச் சாயங்காலம். அதனால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, எல்லாம் எழுத்தில். வேலை தொடங்கும்போது ஒவ்வொருவரும் திரையிலுள்ள பொது அறையில் ஒரு குறிப்பு எழுதவேண்டும். நேற்று செய்தது, இன்று செய்யப்போவது, தடை. கடைசியில் 'அவசரம் இல்லை' என்று சேர்த்துவிடுவோம், படிக்கிறவர் பதறக்கூடாது என்பதற்காக. இது நான் வைத்த விதி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

குறிப்புகளுக்கெல்லாம், பார்த்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக ஒரு கட்டைவிரல் போட்டபிறகுதான் என் வேலை ஆரம்பிக்கும். மென்பொருளில் நேற்று கெட்டுப்போனதைச் சரிசெய்கிறவரோடு உட்கார்வது, கோபமாக எழுதிய மருத்துவரைச் சமாதானப்படுத்துவது, வேலையை விட்டுப் போக நினைக்கிறவரின் எழுத்தில் அந்த நினைப்பை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பது. மதியம் அம்மாவோடு சாப்பிடுவேன். பிறகு வாடிக்கையாளர்களோடு பேச்சு. அப்போது கதவை மூடியே ஆகவேண்டும். அம்மாவின் காலடி கதவுவரை வந்து திரும்பிப் போவது கேட்கும். கேட்டுக்கொண்டே பேசுவேன்.

ஆனால் ஒன்று நடந்திருக்கிறது, நீ சிரிப்பாய். வயதானவர்களுக்கு எழுத்து தெரிகிறதா, பொத்தான் அகப்படுகிறதா என்று சோதிக்க அம்மாவைப் பொது அறையில் சேர்த்தேன். இப்போது அவளும் தினமும் குறிப்பு எழுதுகிறாள். நேற்றையது: "நேற்று செய்தது, துணி மடித்தேன். இன்று செய்யப்போவது, மடித்ததை அடுக்குவேன். தடை, என் மகளின் கதவு. அவசரம் இல்லை." எங்களில் ஒருவர் வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கிறார். அம்மா அவருக்கு வைத்த பெயர் புகார்த் தம்பி. "அம்மா, அந்தத் தடையை எங்களாலயே இன்னும் தாண்ட முடியல" என்று அவர் பதில் போட்டார். பத்து ஊரிலும் சிரிப்பு.

அவளுக்குப் பேச்சுத்துணை கிடைத்துவிட்டது அக்கா. கவலைப்படாதே.

சுண்டு


பிப்ரவரி 2

அன்புள்ள சுண்டு,

சிரித்தேன். அத்தானுக்குப் படித்துக் காட்டி இன்னொரு தடவை சிரித்தேன். பாத்திரம் கழுவும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

வார்டில் சத்தம் போடுகிற நோயாளியைப் பற்றி எனக்குப் பயமில்லை. "பரவாயில்லம்மா, நீங்க மத்தவங்களைப் பாருங்க" என்கிறாரே, அவர் கட்டிலுக்குத்தான் முதலில் போவேன். அம்மா அந்த ரகம். 'அவசரம் இல்லை' என்ற உன் விதி அவளுக்கு ரொம்பப் பொருத்தமாக அமைந்துவிட்டது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

தினமும் கொஞ்ச நேரமாவது கதவைத் திறந்துவைத்து வேலை செய். பல் மருத்துவர்கள் அம்மா இருமுவதைக் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

போனில் எனக்குப் பேச வரவில்லை, நீயும் கேட்காமல் வைத்துவிட்டாய். என்ன நடந்தது என்று நீ தெரிந்துகொள்ளவேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா எழுதிய குறிப்பு இது: "நேற்று செய்தது, ஒன்றுமில்லை. இன்று செய்யப்போவது, பார்க்கலாம். தடை, இடது கை எழும்பவில்லை. வாயும் ஒரு பக்கம் இழுக்கிறது. அவசரம் இல்லை."

அதற்கு நான் கட்டைவிரல் போட்டிருக்கிறேன்.

படிக்கவில்லை அக்கா. கடைசி வரியைப் பார்த்தேன், விரலை அழுத்தினேன், அடுத்த குறிப்புக்குப் போனேன். அன்று ஒரு பெரிய வாடிக்கையாளரோடு பேச்சு இருந்தது. கதவை மூடினேன். அம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரியும், கட்டைவிரல் இருந்ததே. அதனால் வருவேன் என்று காத்திருந்திருக்கிறாள்.

யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை என்ற எங்கள் விதியை முதலில் மீறியவர் புகார்த் தம்பிதான். அம்மாவின் குறிப்பைப் படித்துவிட்டு, வேறு ஊரிலிருந்து என் போனுக்கு விடாமல் அடித்தார். நான் இரண்டு முறை துண்டித்தேன். மூன்றாவது முறை எடுத்ததும், "கதவைத் தெறங்க மேடம், அம்மாவைப் போய்ப் பாருங்க" என்று கத்தினார். இத்தனை வருஷத்தில் அவர் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை.

மருத்துவமனையில், இன்னும் சீக்கிரம் வந்திருக்கலாம் என்றார்கள். பேச்சு தெளிவாக இருக்கிறது. கைதான் வரவில்லை. ஆம்புலன்ஸில் என்னைப் பார்த்து, "கூட்டம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

சுண்டு


மார்ச் 23

சுண்டு,

உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். வார்டில் எனக்கும் தவறியிருக்கிறது, அது வேறு யாரோ வீட்டு அம்மா.

ஆனால் அம்மா இனி அங்கே இருக்கவேண்டாம். சனிக்கிழமை வருகிறேன், அழைத்துக்கொண்டு போகிறேன். அவள் துணிமணிகளை எடுத்து வை. இதில் பேச்சு வேண்டாம்.

அக்கா


மே 6

அன்புள்ள அக்கா,

அம்மாவுக்குப் பயிற்சி ஒழுங்காக நடக்கிறது என்று எழுதியிருந்தாய். நல்லது. அவளிடம் போனில் கேட்டேன், பகலில் யார் இருக்கிறார்கள் என்று. "யாரும் இல்ல, காலையில இவங்க கெளம்பறதுக்கு முன்ன பயிற்சி குடுக்குற பொண்ணு வந்துட்டுப் போகும்" என்றாள். நீயும் அத்தானும் வேலைக்குப் போனால் அம்மாவை உள்ளே வைத்து வீடு பூட்டியிருக்கும். அதை நீ எனக்கு எழுதவில்லை. குற்றம் சொல்லவில்லை அக்கா, உனக்கு வேறு வழியில்லை என்று தெரியும்.

இங்கே நாள் முழுக்கக் கதவு திறந்துதான் இருக்கிறது. காலடி ஏதும் வருவதில்லை. 'அவசரம் இல்லை' என்று எழுதும் விதியை எடுத்துவிட்டேன். குறிப்புகளைக் கடைசி எழுத்துவரை படிக்கிறேன். புகார்த் தம்பி தினமும் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறார்.

எங்கிருந்து வேண்டுமானாலும் இந்த வேலையைச் செய்யலாம் என்று சொல்லித்தான் ஒவ்வொருவரையும் சேர்த்தேன். நான் மட்டும் இத்தனை வருஷமும் இந்த ஒரே அறையை விட்டு நகரவில்லை. உன் தெருவிலேயே ஒரு வீடு பார்த்துச் சொல். பெட்டியோடு வந்துவிடுகிறேன். பகலில் அம்மா என்னோடு இருக்கட்டும், ராத்திரி உன்னோடு. அவளிடம் கேட்டு எழுது.

சுண்டு


மே 19

அன்புள்ள சுண்டு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னது இது. நான் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

"வேண்டாம்னு எழுது. அவ மேல கோவம் இல்ல. இங்க நீங்க போனதும் வீட்ல யாரும் இல்லன்னு தெரியும். நான் பாட்டுக்குத் தூங்குறேன், வாய்விட்டுப் பாடுறேன், ஒத்தக் கையால வெங்காயம்கூட உரிச்சுப் பாத்தேன். அங்க அவ இருக்கான்னு தெரியும். எப்ப வெளிய வருவான்னே உக்காந்திருப்பேன். தனியா இருந்துடலாம். காத்துக்கிட்டு இருக்கறதுதான் முடியல."

எனக்காகவும் அவள் அப்படித்தான் பல வருஷம் காத்திருந்திருப்பாள், எனக்குச் சொன்னதில்லை.

வீடு பார்க்கவில்லை சுண்டு. பார்க்கமாட்டேன். அவள் சொன்னபிறகு என்னால் முடியாது. ஆனால் நீ வா. ஒரு வாரம் வந்தாலும் போதும், வேலையை யாரிடமாவது விட்டுவிட்டு வா. முடியாது என்றால் அதையும் புரிந்துகொள்வேன்.

எந்த நாள் என்று எனக்கு எழுதாதே. எனக்குத் தெரிந்தால் என் முகத்தில் தெரிந்துவிடும், அவள் அன்றைக்கே வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். நீ வரலாம் என்றுகூட நான் அவளிடம் சொல்லவில்லை.

பகலில் வீடு பூட்டியிருக்கும். பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு சாவி கொடுத்திருக்கிறேன், தங்கை வந்தால் கொடுங்கள் என்று. வாங்கித் திறந்துகொண்டு உள்ளே போ.

அக்கா