அழிக்க வேண்டாம், அதில் ஒரு ‘ஏங்க’ இருக்கிறது

அனுப்புநர்:
‘ஊர்வம்பு’ என்ற புனைபெயரில் வாரப் பத்திரிகையில் நகைச்சுவைப் பகுதி எழுதுபவர்,
அக்காள் வீட்டு மாடி அறை
(மின்தூக்கி பழுது, விசாரணைக்கு வருவோர் படியேறி வரவும்).

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணையச் செயலிகள் மீதான புகார்ப் பிரிவு.

பொருள்: என் அக்காளின் குரலைச் செயலி ஒன்றிலிருந்து அழிக்கக் கோரி நான் கொடுத்த மனுவைத் திரும்பப் பெறுவது – அழிப்பு உத்தரவை நிறுத்திவைத்து, மூல ஒலிப்பதிவுகளை மீட்டுத் தரக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. என் முந்தைய மனு. 2. அதை ஏற்றுத் தாங்கள் பிறப்பித்த உத்தரவு. 3. செயலி நிறுவனத்தின் பதில் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அலுவலகங்களில் மனு கொடுத்தால் மனுதாரரின் பேரப்பிள்ளைக்குத்தான் பதில் வரும் என்று என் பத்திரிகைப் பகுதியில் பலமுறை கேலி செய்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் முந்தைய மனுவையும் கொடுத்தேன். ஆனால் தாங்கள் உடனே படித்து, உடனே உத்தரவும் போட்டுவிட்டீர்கள். என் வாழ்நாளில் ஓர் அலுவலகம் இத்தனை வேகமாக வேலை செய்து நான் கண்டதில்லை. கண்ட ஒரே தடவையும் எனக்கு எதிராகவே முடிந்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் அழித்துவிடுவதாக நிறுவனம் எழுதியிருக்கிறது. ஐயா, அதைத் தடுக்க வேண்டும். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன். இடையிடையே வம்பு கலந்திருந்தால் பழக்கதோஷம் என்று பொறுத்தருளவும்.

2. என் அக்காள் ஒரு குரல் கலைஞர். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. குரலைக் கேட்காதவர் கிடையாது. மின்தூக்கியில் ‘கதவு மூடுகிறது’ என்று சொல்பவர் அவர்தான். வங்கிக்குத் தொலைபேசினால் ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று நம் பொறுமையைச் சோதிப்பவரும் அவரே. தங்கள் அலுவலகத்துக்கு அழைத்தால் ‘எங்கள் அலுவலர்கள் அனைவரும் வேறு அழைப்புகளில் உள்ளனர்’ என்று ஒரு பெண் சொல்கிறாரே, அதற்காகக் குடும்பத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. அவர் கணவர், அதாவது என் மாமா, அக்காள் பேசிய ஒலிப்பதிவுக் கூடத்திலேயே ஒலிப்பதிவாளராக இருந்தவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காள், இந்தப் பக்கம் மாமா. பேசியது முழுக்கத் தொழில்தான் என்று இருவரும் சாதித்தார்கள்; கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் வரை சாதித்தார்கள். எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரே சுவாரசியமான சங்கதி அதுதான். அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த அனுபவத்தில்தான் நான் எழுத்தாளனானேன்.

4. மாமாவுக்குச் சர்க்கரை நோயால் கண்பார்வை முழுவதும் போய்விட்டது. அதன் பிறகு அவருக்கு உலகம் என்பது அக்காள் சொல்லும் உலகம்தான். எதிர்வீட்டில் புது நாற்காலி வந்தது முதல், நான் தலைக்கு மை பூசிக்கொண்டு வந்திருப்பது வரை, அவருக்கு எல்லாம் காது வழியே போகும். பிறகு அக்காளின் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை. அதன் மேல் ஒரு பருத்தித் துணி. உதடு அசையும், சத்தம் வராது.

5. அந்த மருத்துவமனையில் நோயாளிகளை வரிசைப்படி உள்ளே அழைக்கும் குரலும் அக்காளுடையதே. மறுபரிசோதனைக்குப் போன அன்று நானும் உடன் இருந்தேன். அக்காளின் முறை வந்தது. அக்காளின் குரல் அக்காளை அழைத்தது. எழுந்து உள்ளே போனவரிடம் செவிலியர், “பேரு என்னம்மா? கொஞ்சம் வாயத் தெறந்துதான் சொல்லுங்களேன்” என்றார். அக்காள் துணியை விலக்கிக் காட்டினார். அந்தப் பெண் அழுதுவிட்டது. அக்காள்தான் அதன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

6. ஆக, வீட்டில் ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்குக் குரல் இல்லை. அக்காள் எழுதிக் காட்டினால் மாமாவால் படிக்க முடியாது. எனவே கையில் தட்டிப் பேச ஒரு வழி செய்துகொண்டார்கள். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் வேண்டாம். விடாமல் தட்டினால், தம்பி வந்திருக்கிறான், அவனிடம் எதையும் உளறிவைக்காதீர்கள் என்று பொருள். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் இது போதும். எதிர்வீட்டு நாற்காலியை எப்படித் தட்டிச் சொல்வது? நாளாக ஆக இருவரும் தட்டுவதையும் குறைத்துக்கொண்டார்கள். என்னைப் போன்ற ஓட்டைவாய்க்கே அந்த வீட்டில் என்ன பேசுவதென்று தெரியாமல் போயிற்று.

7. இந்த நிலையில்தான் ஒரு தேநீர்க் கடையில் பக்கத்து மேசை இளைஞரின் கைப்பேசியிலிருந்து அக்காள் பேசுவதைக் கேட்டேன். ஒரு நடிகரின் இரண்டாவது திருமணத்தைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டு, முடி வளரும் எண்ணெய் ஒன்றையும் பரிந்துரைத்தார். விசாரித்ததில், எழுத்தை இட்டால் குரலாக மாற்றித் தரும் செயலி என்று தெரிந்தது. அதில் உள்ள பெண் குரல் அக்காளிடமிருந்து செய்த நகல். வம்புக் காணொளி போடுவோர் பாதிப் பேர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். என் பகுதியையும் எவரோ திருடி அக்காள் குரலில் வெளியிட்டிருந்தார். நேரில் என் எழுத்தை இரண்டு வரிக்கு மேல் பொறுத்துக்கொள்ளாத அக்காள், அதில் கடைசி வரை படித்திருந்தார். அது வெறும் நகல்தான் என்பது அதிலேயே புரிந்துவிட்டது.

8. சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் வேறொரு காணொளியில் அதே குரல் ஒரு பெண்ணை அச்சேற்ற முடியாத சொற்களால் ஏசியது. அக்காள் தன் வாழ்நாளில் ‘சனியனே’ என்பதைத் தாண்டியதில்லை. அதுவும் என்னை மட்டும். அதைக் கேட்டுவிட்டு அவர் வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றே முதல் மனுவை எழுதினேன். ‘மூலப் பதிவுகள் உட்பட, சுவடே இல்லாமல் அனைத்தையும் அழிக்க வேண்டும்’ என்று அதில் ஒரு வரி சேர்த்தேன். மூலப் பதிவு என்றால் என்னவென்று அப்போது எனக்குத் தெரியாது. வாசிக்கக் கம்பீரமாக இருந்தது, சேர்த்தேன். தங்கள் உத்தரவில் அந்த வரி எழுத்துப் பிசகாமல் இடம்பெற்றிருக்கிறது.

9. உத்தரவு நகலை எடுத்துக்கொண்டு, நல்ல செய்தி சொல்லும் மிடுக்கோடு கீழே இறங்கினேன். மாமா வீட்டுக் கூடத்தில் கைப்பேசியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் ஏதோ ஒரு நடிகையின் விவாகரத்து. மாமாவுக்குச் சினிமா நடிகைகள் யாரையும் தெரியாது. என் செருப்புச் சத்தத்திலேயே ஆளை அறிந்துகொண்டு, “என்ன சொல்லுதுன்னு யாரு கேக்குறா மாப்ள, குரல் அவளோடதுல்ல” என்றார். அக்காள் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இது முன்பே தெரியும் என்பது முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. நகலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

10. எனக்கு ஒரு யோசனை உதித்தது. என் யோசனைகளைப் பற்றி அக்காளுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்றாலும் சம்மதித்தார். அக்காள் சொல்ல நினைப்பதைச் செயலியில் தட்டினால் அவர் குரலிலேயே மாமாவுக்குக் கேட்குமே! முதல் வாக்கியத்தை அக்காளே தட்டினார்: ‘ஏங்க, மாத்திரை போட்டுட்டீங்களா?’

11. அக்காள் மாமாவைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. ‘ஏங்க’தான். அதிலும் ‘ங்’கில் சற்று நின்று இழுத்து, முடிவில் தூக்குவார்; பாதி கூப்பாடு, பாதி குற்றச்சாட்டு. இயந்திரத்துக்கு அது எப்படித் தெரியும்? அது அச்சொல்லை ‘உள்ளம் ஏங்க, உயிர் வாட’ என்பதில் வரும் ‘ஏங்க’வாக எடுத்துக்கொண்டது. பாடப் புத்தகம் படிப்பதைப் போல, சுத்தமான உச்சரிப்பில், ஏக்கம் என்ற பொருளிலேயே ‘ஏங்க’ என்றது. குரல் அக்காளுடையது. சொல் அவருடையதல்ல. மாமா சட்டென்று தலையைத் திருப்பினார். முகம் ஒரு நொடி மலர்ந்து, அப்படியே அணைந்துவிட்டது. “யாரோ படிக்கிறாங்க மாப்ள. நிறுத்திடு” என்றார். நான் எழுத்தை மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தேன். என்னங்க என்றேன், ஏனுங்க என்றேன், ஒற்றெழுத்தை நான்கு முறை போட்டேன். அக்காள் வந்து என் கையைப் பிடித்து இரண்டு முறை தட்டினார். வேண்டாம்.

12. அதற்கடுத்துப் பார்வை 3இல் கண்ட கடிதம் வந்தது. மாமா கேட்டுக்கொண்டபடி அதைப் படித்துக் காட்டினேன். ‘அக்குரல், மூடப்பட்ட ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றிடமிருந்து வாங்கிய, தொகுக்கப்படாத மூலப் பதிவுகளைக் கொண்டு உருவாக்கப்பட்டது’ என்ற இடத்தில் மாமா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“தொகுக்கப்படாததுன்னா? வெட்டுறதுக்கு முந்தினதா?”

ஆம் என்றேன். மாமா விளக்கினார். அக்காள் ஒவ்வொரு வாக்கியத்தையும் படித்து முடித்ததும், ஒலிவாங்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் மாமாவைக் கூப்பிடுவார். ‘ஏங்க, இன்னொரு தடவை போலாமா?’ ‘ஏங்க, சிரிக்காதீங்க, எனக்கும் சிரிப்பு வருது.’ ‘ஏங்க, மதியம் சாப்பிட்டீங்களா இல்லையா?’ ‘கதவு மூடுகிறது’ மட்டும்தான் மின்தூக்கிக்கு வேண்டும். மற்றதை மாமா பிசிறில்லாமல் வெட்டிவிடுவார். வெட்டிய இடம் தெரியாமல் வெட்டுவதில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. ஆகவே வெளியுலகில் அக்காளின் குரல் எங்கெங்கோ கேட்கிறது. அந்த ‘ஏங்க’ மட்டும் எங்குமே இல்லை. வீட்டிலும் இல்லை. வீட்டில் பேசும் மனைவியை யார் ஐயா பதிவு செய்து வைக்கிறார்கள்?

“நான் வெட்டிப் போட்டது பூராவும் என்கிட்ட பேசினதுதான் மாப்ள” என்றார் மாமா.

அக்காள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தட்டவில்லை. கையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

13. நாங்களே கேட்டு வாங்க முயலாமல் தங்களைத் தொந்தரவு செய்யவில்லை. பதிவுகள் குரலின் உரிமையாளருக்கு மட்டுமே தரப்படும் என்றும், உரிமையாளர் தன் குரலால் அதை நிரூபிக்க வேண்டும் என்றும் நிறுவனத்தின் விதி. செயலியைத் திறந்து, ‘இது என் குரல்தான்’ என்று சொல்ல வேண்டுமாம். அக்காள் கைப்பேசியை வாயருகே வைத்துக்கொண்டு, உதட்டை ஒழுங்காக அசைத்துச் சொன்னார். கழுத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. செயலி பதில் சொன்னது: ‘மன்னிக்கவும், கேட்கவில்லை. இன்னும் சற்று உரக்கப் பேசவும்.’ அதைச் சொன்னது அக்காளின் குரல். நான் முப்பது வருஷமாகச் சிரிக்கவைக்கும் தொழிலில் இருக்கிறேன். கைப்பேசியை வாங்கி அணைத்துவைத்தேன்.

14. எனவே தாங்கள் கருணைகூர்ந்து:

(அ) வெள்ளிக்கிழமைக்கு முன் அழிப்பு உத்தரவை நிறுத்திவைக்க வேண்டும்.

(ஆ) மூலப் பதிவுகள் முழுவதையும் அக்காளிடம் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். அதன் பிறகு நகல் குரலை முதல் மனுவில் கேட்டபடியே அழித்துவிடலாம். அது மாமாவுக்கும் வேண்டாமாம், கேட்டுவிட்டேன்.

(இ) உரிமைக்குச் சான்று கட்டாயம் என்றால், அக்காளைப் பேசச் சொல்வதற்குப் பதிலாக மாமாவைக் கேட்கச் சொல்ல வேண்டும். ஆயிரம் பெண்கள் ‘ஏங்க’ என்று கூப்பிடட்டும். தனக்கானது எது என்று அவர் காட்டுவார்.

(ஈ) மிக முக்கியமாக, பதிவுகளை அனுப்பும்போது நல்லெண்ணத்தில் யாரும் அவற்றைச் சுத்தம் செய்துவிடக் கூடாது. இருமல், தண்ணீர் குடிக்கும் சத்தம், காகிதம் புரளும் ஒலி, தப்பாகப் படித்தது, பாதியில் சிரித்தது, எதுவும் போகக் கூடாது. இந்த ஒருமுறை எதையும் வெட்ட வேண்டாம் என்று எழுதச் சொன்னவர், வெட்டுவதையே தொழிலாகக் கொண்டிருந்த என் மாமா.

முதல் மனுவில் காட்டிய வேகத்தை இதிலும் காட்டினால், தங்கள் அலுவலகத்தைப் பற்றி இனி ஒரு வரி கேலி எழுத மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். என் பிழைப்பில் பாதி அதில்தான் ஓடுகிறது என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

இடம்: அக்காள் வீட்டுச் சாப்பாட்டு மேசை
நாள்: செவ்வாய்க்கிழமை (வெள்ளிக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது)

தங்கள் பதிலுக்காகக் கதவைப் பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
‘ஊர்வம்பு’

படித்துப் பார்த்துச் சம்மதித்தவர்: (கையொப்பம்) அக்காள்
படிக்கக் கேட்டுச் சம்மதித்தவர்: (கையொப்பம்) மாமா

குறிப்பு: மாமாவின் கையொப்பம் அக்காளின் கையொப்பத்தின் மீது ஏறி விழுந்திருக்கிறது. பார்வை இல்லாததால், அக்காள் அவர் கையைப் பிடித்துக் காகிதத்தில் வைத்தார். பிறகு கையை எடுக்கவில்லை. அதை அடித்தல் திருத்தலாகக் கருதி மனுவைத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.