கொக்கி பிய்ந்த ஜாக்கெட்

இயேசு மரி சூசை துணை

பம்மல்
19.5.1991

அன்புள்ள மகன் சவுரிமுத்துவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. பம்பாயில் நீயும் மருமகள் ரோஸ்லினும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன், உன் தங்கை அருள்மேரியும் உயிரோடு இருக்கிறாள், அதற்கே இன்று காலை கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

பொங்கலுக்குப் பிறகு அவள் கீழ்க்கட்டளையிலிருந்து ஒவ்வொரு ஜாக்கெட்டாக அனுப்பிக்கொண்டே இருந்தாள், கொக்கி போய்விட்டது தைத்துக் கொடு என்று. நானும் நூல் மட்டம் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே தைத்தேன். நூல் இற்றால் கொக்கி மட்டும் கழலும், கை வைத்து இழுத்தால்தான் துணியோடு பிய்ந்து வரும், முப்பது வருஷம் மிஷின் மிதித்தவளுக்கு இது தெரியாதா, தெரியும், ஆனால் புத்தி அங்கே போகவில்லை. அப்புறம் கையை முழங்கைக்குக் கீழே இறக்கு, முதுகை மூடித் தை என்று சொல்லி அனுப்பினாள். இந்த மே மாத வெயிலில் எதற்கடி என்று கேட்காமல், புது ஃபேஷன் போல என்று சந்தோஷப்பட்டு, பாவி, நானே தைத்துக் கொடுத்தேன். அடிபட்ட இடத்தை மூட அளவெடுத்துத் தைத்தவள் நான்தான் சவுரி.

வியாழக்கிழமை வந்த அளவு ஜாக்கெட்டின் கையைப் பிரித்தேன். வெளியே சோப்பு வாசனை, உள்மடிப்பில் காய்ந்த ரத்தம். துணி வெட்டுகிற பெரிய கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டு, பல்லாவரத்தில் பஸ் மாறிப் போனேன். கதவைத் தள்ளினால், அவள் புருஷன் தாவீது அவள் முடியைக் கையில் சுற்றி, நான் சீதனமாகக் கொடுத்த தையல் மிஷினிலேயே அவள் தலையை மோதிக்கொண்டிருக்கிறான். நெற்றி கிழிந்து பலகையெல்லாம் ரத்தம். விடுடா என்றேன், விடவில்லை. கத்தரிக்கோலை அவன் தோளில் இறக்கினேன். எலும்பில் இடித்தது. பிடுங்கி மறுபடியும் இறக்கினேன். பக்கத்து வீட்டு சித்திகா ஓடிவந்து என்னைக் கட்டிப் பிடிக்காவிட்டால் மூன்றாவதும் இறங்கியிருக்கும். அவனுக்குப் பதினோரு தையல், அவளுக்கு ஆறு. போலீஸ் வந்தால் வரட்டும், நானே சொல்கிறேன்.

கீழே விழுந்தவன் கத்தினான், என்னிய இன்னாத்துக்குக் குத்தறே, உன் புள்ளதான் எழுதிக்கீறான், ரெண்டு போட்டாதான் உன் பொண்ணு அடங்குவாள்னு, பொட்டியில கீது பாரு என்று. பொய் என்று காட்டத்தான் பெட்டியைத் திறந்தேன். உன் இன்லேண்ட் லெட்டர். அ எழுதக் கை பிடித்தவள் நான், உன் எழுத்து எனக்குத் தெரியாதா? அருள்மேரி அதை முன்பே படித்திருக்கிறாள், அதனால்தான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உன்னைப் பெற்ற வயிறு எரிகிறதடா. இதை எழுதத் துணிந்தவன் தன் வீட்டில் என்ன செய்கிறானோ என்று மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் இனி என்னோடுதான். சமாதானம் பேச வராதே. மாதா உனக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும், ரோஸ்லினுக்குத் துணை இருக்கட்டும். மறக்காமல் ஒன்று செய். ரோஸ்லின் போட்டுக்கொள்கிற ஜாக்கெட் ஒன்றை உடனே பார்சலில் அனுப்பு. துவைக்க வேண்டாம், கொக்கி தைக்க வேண்டாம், இருக்கிறபடியே வரட்டும்.

உன்னைப் பெற்ற
சூசையம்மாள்