மதிலுக்கு மேலே ஒரு வயர்

ஜூன் 8, திங்கள்
விடியற்காலையிலிருந்து சாரல். துணி எதுவும் காயவில்லை. பள்ளியில் பிளஸ் ஒன்னுக்கு முதல் கம்ப்யூட்டர் வகுப்பு. பாதிப் பிள்ளைகளுக்குத் தூக்கம். எனக்கும்தான்.

மாமா (இவருடைய அப்பா) இன்று மறுபடியும் வெளியே இறங்கிவிட்டார். இவர் முன்னறையில் உரக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பஸ் பிரேக் போட்டு நின்றதாம், சாயங்காலம் பால்காரர் வந்து சொன்னார்.

ஒரே வீடாக இருந்தது இது. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்து, நடுவில் மதில் கட்டி, ஐந்து வருடம் ஆகிறது. அன்றோடு இவரும் இவருடைய அண்ணனான அத்தானும் பேச்சை நிறுத்தினார்கள். மாமாவுக்குப் பதினைந்து நாள் இங்கே, பதினைந்து நாள் அங்கே. நினைவு தப்பத் தொடங்கியதும் அவருக்கு முதலில் மறந்துபோனது அந்த மதில்தான். கிணற்றடிக்குப் போகிறேன் என்று கிளம்புவார். கிணறு இப்போது அத்தான் பக்கம். எங்கள் வாசலில் இறங்கி, பஸ் ரோட்டோரம் நடந்து, அந்த வாசலில் ஏற வேண்டும்.

ஜூன் 9, செவ்வாய்
முருங்கைக்காய் கேட்கிற சாக்கில் மதிலடியில் லெட்சுமி அக்கா. அத்தானின் மனைவி. (இனி ல.அ.) ஆண்கள்தான் பேசுவதில்லை, நாங்கள் ஒருநாளும் நிறுத்தவில்லை.

"ஏட்டி, உங்க கேமராவுல கேட்டத் தாண்டினா மாமாவக் காணல்ல. எங்க கேமராவுல உள்ள வந்த பொறவுதான் தெரிவாரு. நடுவுல நம்ம ரெண்டு பேருக்க உசிரும் போகுது."

இரண்டு வீட்டிலும் கேமரா உண்டு. ஒருவர் மாட்டியதைப் பார்த்து மற்றவர் மாட்டியது, வீம்புக்கு. செல்போன் வழியாக ஒரு வீட்டுக் கேமராவை மற்ற வீட்டில் பார்க்கலாம்தான். ஆனால் அத்தானின் போனுக்கு உடனே தகவல் போய்விடும். இரண்டு வீட்டு நெட்டையும் வயரால் இணைப்பதுதான் வழி. ல.அ.வுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திருடப் போகிற மாதிரி குசுகுசுக்கிறாள்.

ஜூன் 13, சனி
வாங்கியவை: வயர் 20 மீட்டர், கிளிப், பூரிக்கு மாவு.
பிச்சிக்கொடிக்குள் மறைத்து வயரை மதிலுக்கு மேலே கொண்டுபோயாயிற்று. ல.அ. அந்தப் பக்கம் வாங்கி அவர்கள் ரௌட்டரில் செருகினாள். நான் எங்கள் ரௌட்டரில்.

இரண்டு வீட்டிலும் நெட் போனது. இங்கே இவர், "என்னட்டி, நெட்டு போச்சு?" அதே நொடியில் மதிலுக்கு அப்பால் அத்தான், "என்னட்டி, நெட்டு போச்சு?" ஐந்து வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம். ஓடிப்போய் வயரைப் பிடுங்கினேன்.

காரணம் ராத்திரி சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. இரண்டு ரௌட்டருக்கும் ஒரே எண், 192.168.1.1. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? வருடா வருடம் பிள்ளைகளுக்கு நான் நடத்துகிற பாடம் இது. வெட்கக்கேடு.

ஜூன் 14, ஞாயிறு
யாராவது ஒரு வீடு எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு பேரிடம் கேட்டால் இன்னொரு ஐந்து வருடம் போகும். நாங்களே 192.168.2.1 ஆனோம். இளையவர் வீடுதானே, ஒன்றும் குறைந்துவிடாது.

மாற்றியதும் எங்கள் கேமரா நாலும் இருட்டு. ஒவ்வொன்றுக்கும் புது எண் கொடுத்து முடிக்க மதியம் மூன்று. பரணில் கிடந்த பழைய ரௌட்டரை நடுவில் வைத்து, இங்கிருந்து அங்கே போக ஒரு வழி, அங்கிருந்து இங்கே வர ஒரு வழி. இவர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். பள்ளி வேலை என்றேன்.

மூன்றே முக்காலுக்கு என் லேப்டாப் திரையில் கிணற்றடி. ல.அ. நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்டுகிறாள். அழுகை வந்துவிட்டது எனக்கு, சும்மா.

ஒப்பந்தம்: எங்கள் வாசல், அவர்கள் கிணற்றடி. வேறு எதையும் பார்ப்பதில்லை.

ஜூன் 16, செவ்வாய்
வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. தலைவலி.
சாயங்காலம் திரையில் அத்தான். ஈர்க்குச்சி வாரியலும் ப்ளீச்சிங் பவுடருமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிணற்றடிப் பாசியைத் தேய்க்கிறார். மாமா அங்கே போக இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. முறைக்கு வருகிறவருக்காக அல்ல, முறை தவறி வருகிறவருக்காகத்தான் தேய்க்கிறார். இவரிடம் சொல்ல நாக்கு துடித்தது. எப்படிச் சொல்ல? "உனக்கு எப்படித் தெரியும்" என்பார்.

ஜூன் 18, வியாழன்
கனமழை. நாலரைக்கு வீடு வந்தேன். குடையை மடக்கவில்லை, இவர் உள்ளேயிருந்து ஓடி வருகிறார். "அப்பாவக் காணல்ல." கடையில் ஆள் நின்றதால் கவனிக்கவில்லையாம். ரோட்டுக்கு ஓடினார், இரண்டு பக்கமும் பார்த்தார், நனைந்து திரும்பி வந்தார்.

இனி மறைத்து என்ன? திரையைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன்.

கிணற்றடியில் மாமா, தரையோடு உட்கார்ந்திருக்கிறார். அத்தான் ஒரு கையில் குடை பிடித்து, மறு கையால் அவரைத் தூக்கப் பார்க்கிறார். முடியவில்லை. ல.அ. கோயிலுக்குப் போன நேரம்.

"இது அண்ணன் வீட்டுக் கேமராலா?" என்றார் இவர். கண்ணை எடுக்காமல் திரையையே பார்த்தார். அண்ணன் தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர். "எப்பிடி நரைச்சுட்டான் பாரு."

அந்தக் கேமராவில் பேசவும் முடியும். பொத்தானை அழுத்திப் பிடித்தேன். இவர் திரைப் பக்கம் குனிந்தார். பிறகு, "அண்ணே... பைய. அப்பாக்க இடது முட்டு தாங்காது."

அத்தான் நிமிர்ந்து நேரே எங்களைப் பார்த்தார். மழைத்தண்ணீர் வழிகிற முகம்.

"ஏலே, அங்க இருந்து பாத்துட்டா இருக்க? வந்து அந்தப் பக்கம் புடி."

வாசலுக்குப் போகவில்லை இவர். ஐம்பத்திரண்டு வயது, இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மதிலேறிக் குதித்தார். திரையில் வந்து சேர்ந்தார். ஒரு பக்கம் அத்தான், ஒரு பக்கம் இவர், நடுவில் மாமா. குடையை யாரும் பிடிக்கவில்லை.